நீர்க்கோழிக்குக் கட்டிய துணி

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரியவந்து நீங்கள் முகம் சுளிப்பதைவிட அது மேல்.

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு கருத்தரங்குக்காரர்கள் என்னைப் பிடித்து, "சுற்றுச்சூழல் பாதுகாப்பும் பண்பாடும்: பல்துறைப் பார்வை" என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். பல துறை என்ன, ஒரு துறையும் எனக்கு உருப்படியாகத் தெரியாது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் தலையாட்டிவிட்டேன். எழுத்தாளர்கள் பாதி வேலையை இப்படித்தான் ஒத்துக்கொள்கிறோம்.

நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தபோது, மேடையில் இரண்டு பெண்கள் மோதிக்கொண்டார்கள். ஒருவர் நடுவயதுக்காரர், விலங்கியல் பேராசிரியை. இன்னொருத்தி இளையவள், பண்பாட்டியலில் ஆராய்ச்சி மாணவி. "மேடம் சொல்றதுக்கு அடிப்படையே கிடையாது" என்றாள் இளையவள். "மேடம் சேத்துல கால் வெச்சிருந்தா அடிப்படை தெரியும்" என்றார் மூத்தவர். தலைமை தாங்கியவர் மணியை அடித்து இருவரையும் விலக்கிவிட்டார்.

தேநீர் இடைவேளையில் அதே இளையவள் அதே மூத்தவரிடம் வந்து, "அண்ணி, கேஸ் புக் பண்ணியாச்சா?" என்று கேட்டாள்.

"உங்கண்ணன் பண்ணியிருப்பாரு" என்று சொல்லி, அண்ணி கையிலிருந்த பிஸ்கட்டை உடைத்துப் பாதியை அவளிடம் கொடுத்தார்.

என் கட்டுரை அந்த இடத்திலேயே உயிரை விட்டது. இனி வருவதெல்லாம் கற்பனை. பிஸ்கட் மட்டும் நிஜம்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாட்டையும் பார்த்துவிடுங்கள்.

*காலைக் கதிரவன் தன் பொற்கரங்களால் சதுப்பு நிலத்தை மெல்ல*

(கதிரவனுக்குக் கை முளைத்துவிட்டால் என் வீட்டிலேயே யாரும் படிக்க மாட்டார்கள். வேண்டாம்.)

*ஆதிகாலம் தொட்டே மனிதனும் இயற்கையும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து*

(கட்டுரை இன்னும் முழுசாகச் சாகவில்லை போலிருக்கிறது.)

*நீர்க்கோழி தன் முட்டையை உற்றுப் பார்த்தது. முட்டை*

(முட்டை என்ன செய்யும் பாவம்.)

*அண்ணி முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு வேதியியல் துறையைத் திட்டிக்கொண்டிருந்தார்.*

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், நீங்களும் வாருங்கள்.

3

அண்ணி முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு வேதியியல் துறையைத் திட்டிக்கொண்டிருந்தார். காரணம், ஒரு சிவப்புத் துணி.

கல்லூரி விடுதிக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு சின்னச் சதுப்பு இருந்தது. கோரையும் நாணலும் மண்டிய, மழைக்காலத்தில் குளம் என்றும் வெயிலில் சாக்கடை என்றும் அழைக்கப்பட்ட இடம். அதில் நீர்க்கோழிகள் கூடு கட்டும். விடுதிப் பிள்ளைகள் கேன்டீனுக்குக் குறுக்கு வழியாக அதன் ஓரத்தில் இறங்கி நடப்பார்கள். பசியோடு நடக்கிறவன் கீழே பார்ப்பானா? கூடுகள் மிதிபட்டன. அண்ணி ஒரு நாள் ஒவ்வொரு கூட்டுக்கும் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் நீலத் துணி கட்டினார். தான் போய்ப் பார்க்கும்போது தானே மிதித்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். துணி வீட்டில் கழற்றிப்போட்ட சமையலறை ஜன்னல் திரை. கிழித்துக் கட்டினார்.

அடுத்த பருவத்தில் அவருடைய நீலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வந்திருந்தது. பிறகு மஞ்சள். அப்புறம் ஒரு கைக்குட்டை. அண்ணி நேரே கேன்டீனுக்குப் போய் வேதியியல் பேராசிரியரைப் பிடித்துக்கொண்டார்.

"என் இடத்துல உங்க அடையாளத்த எதுக்குக் கட்டறீங்க? தண்ணி எடுக்கணும்னா எடுத்துட்டுப் போங்க."

"நாங்க தண்ணிய பாட்டில்ல எடுப்போம் மேடம், துணியிலயா எடுப்போம்?" என்றார் அவர். "புவியியலக் கேட்டுப் பாருங்க."

புவியியல் தாவரவியலைக் காட்டியது. தாவரவியல் "ஓவியத் துறையா இருக்கும், அவங்கதான் எதையாவது கட்டுவாங்க" என்றது. ஒரு கல்லூரி வளாகத்தில் காரணம் தெரியாத எந்தப் பொருளும் பக்கத்துத் துறையின் ஆராய்ச்சிதான். அண்ணியும் அப்படியே நம்பி விட்டுவிட்டார். தவிர, துணிகள் கூடக்கூட ஒரு நல்லது நடந்திருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கம் இறங்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். சத்தம் போட்டுப் பேசுகிறவர்கள்கூட அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். கூடுகள் பெருகின. கோழிக்கு நல்லதென்றால் அண்ணி எவரையும் மன்னிப்பார், ஓவியத் துறையைக்கூட.

(இங்கே புவியியல் பேராசிரியருக்கு ஒரு பெரிய காட்சி வைத்திருந்தேன். கதையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று நிறுத்திவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல மனுஷர்.)

4

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: நாத்தனார் ஒருத்தி பண்பாட்டியலில் இருக்கிறாள், ஒரே வீட்டில் சாப்பிடுகிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாரா?

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. அண்ணி என்கிற பாத்திரமே ஆட்டம் கண்டது. அதற்காகத்தான் அந்த வீட்டுச் சட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

சின்னு (வீட்டில் நாத்தனாருக்கு அதுதான் பெயர்) படிப்புக்காக அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் ஒரு கேள்வி எழுந்தது. மனிதன் கையிலிருந்து தின்னப் பழகிய காக்கை இயற்கையைச் சேர்ந்ததா, பண்பாட்டைச் சேர்ந்ததா? அண்ணி இயற்கை என்றார். சின்னு பண்பாடு என்றாள். சாப்பாடு ஆறி, அண்ணியின் குரல் ஏறி, சின்னு தட்டை நகர்த்திவிட்டு அழுதுகொண்டே எழுந்து போனாள். மறுநாள் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். அவர் பொருளாதாரப் பேராசிரியர். வீட்டில் சமாதானம்தான் அவருடைய ஒரே லாபம்.

"வாசல்ல செருப்ப விடற மாதிரி துறையையும் விட்டுட்டு உள்ள வாங்க. மீறுனவங்க அன்னிக்குப் பாத்திரம் கழுவணும்."

சட்டம் கடுமையாக அமலானது. காய்கறியை வாங்கிக்கொண்டு வந்து "பணவீக்கம்" என்று முணுமுணுத்ததற்காக அண்ணனே ஒரு முறை பாத்திரம் கழுவியிருக்கிறார். அதிலிருந்து மூன்று பேரும் தண்ணீர் மோட்டார், துவைக்கிற இயந்திரம், பக்கத்து வீட்டு நாய் இவற்றைப் பற்றி மட்டுமே பேசி மிகுந்த பாசத்தோடு வாழ்ந்தார்கள். சின்னு எதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள் என்று அண்ணிக்குத் தெரியாது. அண்ணி எந்தச் சேற்றில் நிற்கிறார் என்று சின்னுவுக்குத் தெரியாது. கருத்தரங்குகளில் சந்தித்தால் மேடம் போட்டு அடித்துக்கொள்வார்கள்.

இப்போது நம்புகிறீர்களா? நான் நம்பிவிட்டேன்.

5

சின்னு ஆராய்ந்துகொண்டிருந்தது அந்தத் துணிகளைத்தான்.

விடுதிப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் அங்கே துணி கட்டுவதையும், கூட்டைத் தாண்டும்போது பேச்சை நிறுத்துவதையும் அவள் பார்த்தாள். விசாரித்தாள்.

"இது எப்போலேருந்து நடக்குது?"

"எப்பவுமே நடக்குதுக்கா."

"எப்பவுமேன்னா?"

"எங்க சீனியர்ஸ் காலத்துலேருந்து. அவங்களுக்கு அவங்க சீனியர்ஸ் சொன்னாங்களாம்."

கல்லூரியில் காலம் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். படிக்க வருகிறவர்கள் மூன்றே வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். போன வருடம் நடந்தது மரபு. அதற்கு முந்தியது வரலாறு. அதற்கும் முந்தியதை நேரில் கண்டவர் ஒருவரும் உயிரோடு, அதாவது விடுதியோடு, இல்லை. சின்னு ஆளை மாற்றி மாற்றிக் கேட்டாள். எல்லோரும் கையை மேலே காட்டினார்கள். அந்த ஏணியின் உச்சியில் அண்ணி ஒரு குச்சியோடு நிற்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

அதற்குள் கல்லூரி நிர்வாகத்துக்கு வண்டி நிறுத்த இடம் போதவில்லை. சதுப்பை மண் போட்டு மூடலாம் என்று முடிவாயிற்று. அண்ணி கூடுகளைப் பற்றிப் பேசிப் பார்த்தார். நிர்வாகக் குழுத் தலைவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கோழிதானே மேடம், றெக்கை இருக்கு, வேற இடத்துக்குப் போயிடும்" என்றார். கடைசி முயற்சியாக எல்லாத் துறைகளும் சேர்ந்து வந்து பேசலாம் என்று குழு ஒரு நாள் ஒதுக்கியது. அதற்கு முந்தின நாள் மதியம் கருத்தரங்க அறையில் ஒத்திகை. சின்னு திரையில் ஒரு படத்தைப் போட்டாள்.

"இதுதான் இருக்கிறதுலயே பழைய துணி. நீல நிறம் நீரைக் குறிக்குது. வெள்ளைப் பூக்கள முட்டைகளோட குறியீடாப் பாக்கலாம். முக்கியமா ஒண்ணு. துணியில எண்ணெய் தடவியிருக்காங்க. அது ஒரு சடங்கா இருந்திருக்கணும்."

அது அண்ணி கிழித்துக் கட்டிய ஜன்னல் திரை. தன் வீட்டுத் தாளிப்பு இவ்வளவு பெரியதாக அவர் பார்த்ததே இல்லை.

அன்று மாலை சமையலறையில் அவர் சட்டத்தை மீறாமல் உண்மையைச் சொல்ல முயன்றார்.

"சின்னு, நம்ம ஜன்னல்ல முன்னாடி ஒரு திரை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"எது அண்ணி?"

"நீலம். சின்னச் சின்ன வெள்ளைப் பூ."

"அதுவா? நான் ஸ்கூல் லீவுக்கு இங்க வரும்போதே எண்ணெய்ப் பிசுக்கு புடிச்சுக் கெடந்துச்சே. அதுக்கென்ன?"

"அது எங்க போச்சுன்னு யோசிச்சியா?"

"பழைய திரை எங்க போச்சுன்னு யாராச்சும் யோசிப்பாங்களா அண்ணி?"

"யோசிக்கணும்மா. ஒரு பொருள் எங்கேருந்து வருது, எங்க போகுதுன்னு பாக்கறதுதானே உன்னோட—"

"துறை வாசனை அடிக்குதே" என்று கூடத்திலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

சின்னு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நாளைக்குப் பேசப்போவதை நினைத்து அவளுக்குச் சாப்பாடுகூட இறங்கவில்லை. அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தார். வந்த வாரம் அழ வைத்த பெண்ணை இன்னொரு முறை, அதுவும் ஊர் பார்க்க, அழ வைக்க வேண்டும். அல்லது வாயை மூடிக்கொண்டு சதுப்பைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

6

கூட்டம். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், எல்லோரையும் நடுங்க வைக்கும் ஏசி.

சின்னு நன்றாகப் பேசினாள். நீலத் துணி வந்தது, எண்ணெய் வந்தது, சீனியர்களுக்கும் முந்திய சீனியர்கள் வந்தார்கள். தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் அதே கல்லூரியில் முப்பது வருடத்துக்கு முன்னால் படித்தவர்.

"நானே கட்டியிருக்கேன்" என்றார் தழுதழுத்த குரலில்.

அறையில் ஒரு சலசலப்பு.

"ரிசல்ட்டுக்கு முந்தின நாள். ஒரு ரிப்பன். என் தோழி மஞ்சள் கட்டினா, பாவம், ஃபெயிலாயிட்டா." பிறகு அண்ணியின் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்கதான் அந்தச் சேத்துலயே கெடக்கறவங்க. இது பழைய வழக்கம்தானே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. மண்ணு போடற பேச்சையே நிறுத்திடறேன்."

(நான் இங்கே வெகு நாள் நின்றுவிட்டேன். ஆமாம் என்று சொல்ல வைத்தேன். அண்ணி பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கூட்டில் மூன்று முட்டை இருந்தால் நான்கு என்று அவர் வாழ்நாளில் சொன்னதில்லை. மயக்கம் போட்டு விழ வைத்தேன். அதற்கும் அவர் இசையவில்லை. கடைசியில் அவர் போக்கில் விட்டேன்.)

அண்ணி எழுந்து நின்றார். சின்னுவைப் பார்க்கவில்லை.

"பழைய வழக்கம் இல்ல. முதல் துணிய நான்தான் கட்டினேன். கூட்டுக்கு அடையாளம். அது எங்க வீட்டுச் சமையலறைத் திரை. அந்த எண்ணெய் சடங்கு இல்ல, தாளிச்சது."

சின்னு திரையில் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பூக்களை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றியதை அண்ணி ஓரக்கண்ணால் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

"மேடம்" என்றார் தலைவி, பனிக்கட்டி போன்ற குரலில். "அப்போ நான் கட்டினது?"

"நீங்க... ஒருவேளை வேற எங்கயாவது..."

"எனக்கு நான் படிச்ச காலேஜ் தெரியாதா? அந்த ரிப்பன் கூட ஞாபகம் இருக்கு. நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

வரலாற்றுப் பேராசிரியர் தொண்டையைக் கனைத்தார். அவர் பதவி உயர்வுக் கோப்பு தலைவியின் மேசையில் இருந்தது. "மக்கள் நினைவுக்கு எதிரா ஒரு தனிப்பட்ட திரைச்சீலைய ஆதாரமா ஏத்துக்க முடியாதுங்க. மேடம் கட்டினது மரபோட தொடர்ச்சியா இருக்கலாம். அவங்களுக்கே தெரியாம."

எல்லோரும் தலையாட்டினார்கள். வண்டி நிறுத்தம் விலங்கியல் கட்டடத்துக்குப் பின்னால் மாற்றப்பட்டது. "இப்போதைக்கு" என்றார் தலைவி. "இந்தப் பொண்ணோட ஆராய்ச்சி முடிஞ்சு வரட்டும். அது என்ன சொல்லுதோ அத வெச்சு நிரந்தரமா முடிவெடுப்போம்."

அண்ணி உண்மையைச் சொல்லித் தோற்றார். தோற்றதால் கோழிகள் பிழைத்தன. இப்படி ஒரு திருப்பத்தை நான் யோசித்து வைத்திருந்ததாக நினைக்காதீர்கள். தலைவி தானாகக் கண்ணாடியைக் கழற்றியபோது நானும் உங்களைப்போலத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

7

ஆக, சதுப்பின் தலையெழுத்து இப்போது சின்னுவின் கையில். முடிவைச் சொல்ல வேண்டிய இடம் இது. எழுதிப் பார்த்தவற்றை மறைக்காமல் வைக்கிறேன்.

சின்னு பழையபடியே எழுதி முடிக்கிறாள்: தொன்மையான வழக்கம், எண்ணெய்ச் சடங்கு. பட்டம் கிடைக்கிறது. சதுப்பு நிலைக்கிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். இதை எழுதிவிட்டு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பிறகு அவள் அந்தப் பட்டத்தைக் கையில் வாங்குகிற காட்சியில், அவளை நிமிர்ந்து பார்க்க வைக்க என்னால் முடியவில்லை.

இன்னொன்று. அவள் உண்மையை எழுதுகிறாள். சொல்லப்போனால் அது இன்னும் நல்ல ஆராய்ச்சி. ஒரு வழக்கம் பிறந்த இடம், நாள், துணி, தாளிப்பு வரை தெரிந்த ஆராய்ச்சி உலகத்தில் எத்தனை இருக்கும்? போதாததற்கு, கட்டாத ரிப்பனை நினைத்து அழுத ஒரு தலைவி. எந்தப் பண்பாட்டு ஆய்வாளருக்கும் வாய்க்காத புதையல். அதை எழுதிய மறுநாள் மண் லாரி வரும். *லாரியின் சக்கரத்தடியில் நீலத் துணி ஒன்று*

(வேண்டாம். இவ்வளவு நேரம் சிரிக்க வைத்துவிட்டு அதை எழுத எனக்கு மனசு வரவில்லை.)

எழுதாமல் விட்டுவிட்டு வேறு தலைப்பு எடுக்கிறாள் என்றும் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் அவளுடைய வழிகாட்டி கதைக்குள் வந்து கத்துவார். அவருக்கு இடம் இல்லை.

8

எனக்குத் தெரிந்த கடைசிக் காட்சி இதுதான். இதற்கப்பால் நான் போகவில்லை.

அன்று மாலை. அதே சமையலறை, ஜன்னலில் புதிய திரை. சின்னு வந்ததிலிருந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் மூன்று தட்டுகளை வைத்துவிட்டு, பருப்பு நன்றாக வெந்திருக்கிறதா என்று யாரிடமாவது கேட்கலாமா என யோசித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. அழுது வீங்கிய முகம்.

"மூணு வருஷம் அண்ணி" என்றாள். "மூணு வருஷமா நம்ம வீட்டுத் திரைய ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

"என்னை மன்னிச்சிடு சின்னு. நேத்தே சொல்லியிருக்கணும்."

"சொன்னீங்க. எனக்குத்தான் உறைக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி, முடிவு பண்ணிட்டேன். உண்மைய எழுத மாட்டேன். இந்த ஆராய்ச்சியையே விட்டுடறேன். அது முடியாத வரைக்கும் மண்ணு போட மாட்டாங்க. எனக்குப் பட்டம் வேண்டாம், அந்தக் கூடுங்க இருந்தாப் போதும்."

"என்னது?" அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். "விடறதாவது! நீ எழுதணும். உள்ளத உள்ளபடி எழுதணும்."

"எழுதினா மண்ணு போட்டுடுவாங்க!"

"அதுக்காக? ஒரு வழக்கம் எங்க, எப்படிப் பொறந்துச்சுன்னு தெரிஞ்ச ஆராய்ச்சிக்காரி நீ ஒருத்திதான். எத்தன வருஷம் ஆனா அது வழக்கம்? முப்பதா, முந்நூறா? எல்லாத்துக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும்ல? அந்தப் புள்ளைங்க மெதுவாப் பேசிட்டுப் போறது பொய்யா? அத எழுது!"

"இதெல்லாம் நான் பேச வேண்டியது அண்ணி!"

"அப்போ பேசேன்!"

"பேச மாட்டேன். நீர்க்கோழி இந்த வருஷம் ரெண்டாந்தடவ முட்டை வெச்சிருக்கு, தெரியுமா? நான் வரும்போது போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். அதுக்குப் போக வேற எடம் கெடையாது. றெக்கை இருக்குன்னா எங்க வேணா போயிடுமா? அத வித்துட்டு நான் பட்டம் வாங்கணுமா?"

"கோழிய நான் பாத்துக்கறேன்! நீ எதுக்கு என் கோழிக்கு வக்காலத்து வாங்கறே?"

"உங்க கோழியா? அது என்ன உங்க கோழி?"

அண்ணன் இரண்டு முறை வாயைத் திறந்தார். சட்டத்தை நினைவுபடுத்தலாமா என்று யோசித்தார். அவர் மனைவி பண்பாட்டுக்காகக் கத்துகிறார், தங்கை பறவைக்காகக் கத்துகிறாள். இரண்டு பேரின் கண்ணிலும் தண்ணீர். இதில் யார் துறையை யார் பேசுகிறார்கள், யாரைப் பாத்திரம் கழுவச் சொல்வது? அந்த வீட்டில் இத்தனை அன்பான சண்டையை அவர் கேட்டதில்லை.

நான் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டேன். அண்ணி பேசும்போது அண்ணி சொல்வது சரி. சின்னு பேசும்போது சின்னு சொல்வது சரி. எழுதுகிறவன் இரண்டு பக்கமும் தலையாட்டினால் கதை நகராது என்பார்கள். நகரவில்லைதான்.

அந்த மேசைக்கு நான்காவது நாற்காலி ஒன்று உண்டு. இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். உட்கார்ந்த மறுநொடி இரண்டு பேரும் உங்கள் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க, எழுதணுமா வேண்டாமா?" என்று கேட்பார்கள். பருப்பு ஏற்கெனவே ஆறிவிட்டது, அதற்காக அவசரப்பட வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிறபடிதான் செய்வார்கள்.